புதுக் கம்பியூட்டர் வந்துவிட்டது என்று பழையதை உடனே கொடுத்துவிடாதீர்கள்



எங்கள் பாடசாலை அலுவலகத்துக்குப் பழைய மாணவர்கள் சிலர் புதிய கம்பியூட்டர் ஒன்று வாங்கித் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். எல்லோரும் நின்று படம் எடுத்தோம், நிறைய லைக்கும் கிடைத்தது. அடுத்த வாரம் நடந்ததைப் பற்றி யாரும் போஸ்ட் போடவில்லை. ஆகவே நாங்களே போடுகிறோம்.

பழைய கம்பியூட்டரில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றித் தரும்படி டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் 'டொக்கியுமென்ட்ஸ்' போல்டரை மட்டும் கொப்பி பண்ணிவிட்டு, பழையதை போமட் அடித்துத் தந்தார்கள். முழுப் பழியையும் அவர்கள் மேல் போட மாட்டோம். எது எங்கே இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. உண்மையில் எங்களுக்கே தெரியாது. பாதி டெஸ்க்டொப்பில், மீதி டீ டிரைவில், வேறு சில யாரோ மாறிப் போன டீச்சரின் பெயரிலுள்ள போல்டரில்.

அது நடந்து பத்து நாள் இருக்கும். வெளிநாடு போக இருந்த ஒரு பழைய மாணவர் விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டு வந்தார். டைப் செய்து வைத்திருந்த பட்டியல் போய்விட்டது. கடைசியில் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கையால் எழுதிய சேர்வு இடாப்பைத் தேடி எடுத்துத்தான் அவருடைய வேலையை முடித்துக் கொடுத்தோம். கரையான் தொடாத அந்தப் புத்தகத்துக்கு அன்று ஸலாம் சொல்லத் தோன்றியது.

தப்பிய பைல்களுக்கு வேறு பிரச்சினை. திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். காரணம், நம் ஊரில் பெரும்பாலோர் பழகிய பாமினி எழுத்துரு. பாமினியில் 'கண்டி' என்று அடித்தால் கம்பியூட்டர் அதைத் தமிழாகச் சேமிப்பதில்லை. எஃப், இசட், அரைப்புள்ளி, பீ என்றுதான் வைத்திருக்கிறது. அதன்மேல் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. புதிய கம்பியூட்டரில் பாமினி இல்லாவிட்டால் முகமூடி கழன்றுவிடும். எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அப்போதும் ஒரு பிள்ளையின் பெயரைத் தமிழில் டைப் செய்து தேட முடியாது, வட்ஸ்அப்பில் ஒட்டவும் முடியாது. 1991 இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாம் இன்னும் முகமூடியோடுதான் குடும்பம் நடத்துகிறோம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்கு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் ஓரளவு புதிய ப்ரொசசரும் வேண்டும். நம் பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் உள்ள பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நன்கொடையாகப் புதிய பெட்டிகள் வரத்தான் போகின்றன. வாங்கிக் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கத்தான் இல்லை. இரண்டு நாள் உழைப்பையும் நன்கொடையில் ஒரு பகுதியாக எண்ண வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஜமாஅத் குடும்பப் பட்டியல், சந்தாக் கணக்கு, ஸகாத் பெற்றவர் விபரம், ஜனாஸா நலன்புரிச் சங்கக் கணக்கு எல்லாம் இன்று இந்தப் பெட்டிகளுக்குள்தான். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (அல்பகரா 282). எழுதியது வாசிக்க முடியாமல் போனால், எழுதாததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அரசாங்கத்துக்கே இந்த அடி விழுந்தது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் முறைமையை ரென்சம்வெயார் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் போய்விட்டன. மென்பொருள் பழையது, அந்தக் காலத்துக்குரிய மாற்றுப் பிரதியும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை நம் பகுதிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் அதே மேசை லாச்சியில் வைப்பவர்கள் யோசிக்கட்டும்.

புரோகிராம்கள் கதை வேறு. போல்டரைக் கொப்பி பண்ணினால் புரோகிராம் ஓடாது, புதிதாக இன்ஸ்டோல் பண்ண வேண்டும். எங்கள் சஞ்சிகைகள் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டவை. அடோபி அதைக் கைவிட்டு எத்தனையோ வருடங்கள். இன்றைய இன்டிசைனும் அந்தப் பைல்களைத் திறக்காது. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பீடிஎப் ஆக்கியிருக்க வேண்டும். (இறைச்சிக்கு ஹலால் முத்திரை தேடும் நாம் திருட்டு மென்பொருளை மட்டும் கேள்வியே இல்லாமல் போட்டுக்கொள்கிறோம். லிப்ரே ஒபிஸ் இலவசம். இதை இன்னொரு நாள் பேசுவோம்.)

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஒரு எச்சரிக்கை: முழுப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். பாமினியில் பெரிய 'வீ' என்பது 'ஏ', 'எக்ஸ்' என்பது 'ஓ'. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து அப்படியே தமிழாகிவிடும். எங்களுக்கு ஒரு வகுப்பு முழுவதும் அப்படி ஆனது, சிரித்துக்கொண்டே மூன்று பின்னேரம் திருத்தினோம். பாமினி விசைப்பலகைதான் கைக்கு வரும் என்பவர்கள் பயப்பட வேண்டாம். என்.எச்.எம். ரைட்டரில் அதே விசைகளில் யூனிகோடாகவே அடிக்கலாம்.

பழைய கம்பியூட்டரை ஒரு தவணையாவது துணி போர்த்தி மூலையில் வைத்திருங்கள். புதியதில் ஒவ்வொரு பைலையும் திறந்து பார்த்த பிறகு போமட் அடிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பள்ளிவாசல், மத்ரஸா நிருவாகிகள் யாருக்காவது பாமினிப் பைல்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் எங்களுக்கு மெசேஜ் போடுங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்களில் இரண்டு மூன்று பேர் உட்காருவோம், இன்ஷா அல்லாஹ். காசு வேண்டாம். பைல்களின் ஒரு பிரதியைப் பென்ட்ரைவில் கொண்டு வாருங்கள், மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு.