கடலோரத்தில் சும்மா நிற்கும் இன்ஜின்கள்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கடலோர விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இன்ஜின் பராமரிப்பு பார்த்து வருகிறேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது எங்கள் செஸ்னா 172 விமானங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை போய், பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, 'கிரவுண்ட் ரன் முடிந்தது' என்று பதிவேட்டில் எழுதி வந்தோம். இன்ஜினைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நம்பினோம்.

மறுபடி பறக்கத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, ஒரு விமானத்தின் ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்தேன். உள்ளிருந்த மடிப்புத் தாளை வெயிலில் விரித்தால் ஜரிகைத் தூள் போல மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். தூள் எழும்பி ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் இரும்பு. ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, கேம்ஷாஃப்டின் மேடு ஒன்று அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழிகுழியாக இருந்தது. அதன்மேல் உரசும் டாப்பெட்டின் முகம் உரிந்து கிடந்தது. மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, சக்தி குறையும். முந்தின நாள்வரை அந்த விமானத்தில் மாணவர்கள் தனியாகப் பறந்திருக்கிறார்கள். அதற்கு இருப்பதோ ஒரே இன்ஜின்.

இந்த விமானங்களிலுள்ள லைகோமிங் இன்ஜினில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓட்டம் நின்றதும் ஆயில் அடியில் இறங்கிவிடும். மேலே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். நாள் ஆக ஆக அதுவும் வடிந்துவிடும். ஐப்பசி மழையில் வீட்டு உப்பு ஜாடி நீர்விட்டுக் கசிவதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல்காற்றிலுள்ள அதே உப்பீரம்தான் எக்ஸாஸ்ட் வழியாகவும் பிரீதர் குழாய் வழியாகவும் இன்ஜினுக்குள் போகிறது. ஈரம் மிகுந்த இடங்களில் புது இன்ஜினின் சிலிண்டர் சுவரில்கூட இரண்டே நாளில் துரு கண்டதாக லைகோமிங் நிறுவனமே எழுதியிருக்கிறது.

எங்கள் கிரவுண்ட் ரன் இதைத் தடுக்கவில்லை, வளர்த்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் சேரும். ஒரு மணி நேரம் பறந்தால் ஆயில் சூடேறி அந்த நீரை விரட்டிவிடும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் நீர் சேருமே தவிர சூடு ஏறாது. நீரும், எரிபுகையோடு சேர்ந்து அது உண்டாக்கும் அமிலமும் உள்ளேயே தங்கிவிடும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைப்பதும் அப்படித்தான்: சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் ஆயிலையும் வளையங்கள் வழித்தெடுத்துவிடும். அக்கறையோடு செய்யும் தவறு என்பதால் யாரும் அதைத் தவறென்று நினைப்பதில்லை.

செய்ய வேண்டியதைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் லெட்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. ஆயில் குறைந்தது 74 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்படி, 30 நாளுக்குள் ஒருமுறையாவது தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். இடத்தைப் பொறுத்து அந்தக் கெடுவும் குறையும். பறக்க வழியில்லையென்றால் துருத்தடுப்பு ஆயில் ஊற்றி, சிலிண்டர்களுக்குள் தெளித்து, மேல் ஸ்பார்க் பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் அடைப்பான்களைப் பொருத்தி, எக்ஸாஸ்டையும் பிரீதரையும் மூடிவைக்க வேண்டும். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் பழைய வகை டாப்பெட் ஒன்று கெட்டுப்போனால், அதை மாற்ற இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும்.

மும்பையின் ஜூஹு விமானத் தளமும் திருவனந்தபுரம் விமான நிலையமும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. கடலே இல்லாத நாக்பூரில் நிற்கும் விமானத்துக்கு உள்ள கெடு இங்கே நிற்பதற்குப் பொருந்தாது. கடலோரத்தில் பத்து நாள் பறக்காமல் நின்றாலே மேலே சொன்னபடி இன்ஜினைப் பதப்படுத்துவது கட்டாயம் என்று விதியுங்கள். என் அனுபவத்தில் பத்து நாளே அதிகம். கிரவுண்ட் ரன்னைப் பராமரிப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சி விமானத்துக்கும், கடைசியாக ஒரு மணி நேரம் பறந்த தேதியையும் அப்போதைய ஆயில் சூட்டையும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். தணிக்கைக்கு வரும் உங்கள் அதிகாரிகள் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இவற்றைச் சொல்லும் சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்துசேர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலோரப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பொறியாளர்