படபட சத்தம் சரி... ஆர்.சி. புத்தகம் சரியா? முதல் வண்டி வாங்கும் தம்பிமார்களே, உஷார்!

சென்னை இளவட்டங்களுக்கு இப்போது ஒரு புது மோகம். புது வண்டி வேண்டாமாம். பழைய மோட்டார் சைக்கிள்தான் வேண்டுமாம்! அதுவும் முதன்முதலாக வாங்குகிற வண்டியே அப்பா காலத்து வண்டியாக இருக்க வேண்டுமாம்.

"புது வண்டி யார் வேணும்னாலும் வாங்கலாம். பணத்தைக் கட்டினா சாவியைக் கொடுத்துடுவான். பழைய புல்லட்டு எல்லார்கிட்டயுமா இருக்கு?" என்கிறார்கள் பையன்கள்.

"வித்துத் தொலைச்சாப் போதும்னு நான் வித்த வண்டிடா அது. அதையே மூணு பங்கு விலை கொடுத்து நீ வாங்கப் போறியா?" என்று தலையில் கை வைக்கிறார்கள் அப்பாக்கள்.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. பழைய வண்டிக்கு அழகு உண்டு, சத்தம் உண்டு, கம்பீரம் உண்டு. ஆனால் கேள்வி அதுவல்ல. முதல் வண்டி என்பது பாடம் படிக்கிற வண்டி. கிளட்ச் எப்போது பிடிப்பது, பிரேக் எவ்வளவு அழுத்துவது, மவுண்ட் ரோட்டில் பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே எப்படிப் போவது என்று கையும் காலும் கற்றுக்கொள்வது அந்த வண்டியில்தான். பாடம் சொல்லித் தரவேண்டிய வண்டியே முதல் நாளில் பரீட்சை வைத்தால் என்ன ஆகும்?

'வின்டேஜ்' என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழசாக இருப்பதெல்லாம் 'வின்டேஜ்' ஆகிவிடாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வயதைத் தாண்டிய வண்டிதான் வின்டேஜ். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவம் அப்படியே இருக்கவேண்டும். அந்த முத்திரையில் புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம்.

இவ்வளவும் கட்டிவிட்டு தினமும் ஆபீசுக்கு ஓட்டலாமா என்றால், கூடாது! அன்றாட உபயோகத்துக்கு அந்த வண்டியை ரோட்டில் விடக்கூடாது என்கிறது விதி. கண்காட்சி, அணிவகுப்பு என்று விசேஷங்களுக்குத்தான் வெளியே வரலாம்.

ஆகவே பெரம்பூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிற பையன் தேடுவது வின்டேஜ் அல்ல. 25, 30, 40 வயதான பழைய வண்டி. சாதாரணப் பதிவில் ஓடுகிற வண்டி. அதில்தான் விஷயமே இருக்கிறது.

பெருமைக்குக் குறைவில்லை

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்து கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வை ஆரம்பித்ததும், திருவொற்றியூரில் புல்லட் உருவானதும் நம் ஊர் சரித்திரம். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி கதவை மூடிய பிறகும் திருவொற்றியூரில் 'டுப்... டுப்...' சத்தம் நிற்கவில்லை.

மைசூரில் 1961 முதல் ஜாவா வந்தது. பிறகு அதுவே எஸ்டி ஆனது. 1996-ல் அந்த ஆலை மூடப்பட்டது. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் அதே 1996-ல் நின்றுபோனது. இதற்கு நடுவே 1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. இரட்டை சிலிண்டர். சுமார் 30 குதிரைத் திறன். அந்தக் காலத்து ரோட்டுக்கே அது அதிகம்!

இந்த நாலு பேரைச் சொன்னால் போதும், பையன்களுக்குக் கண் விரிகிறது. ஆனால் இந்த நாலும் முதல் வண்டிக்கு ஏற்றவையா?

வலது கால் எது, இடது கால் எது?

பழைய புல்லட்டில் கியர் வலது காலில்; பிரேக் இடது காலில்! இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. 350 புல்லட் 160 கிலோவுக்கு மேல் எடை.

பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. புதிதாக ஓட்டுகிறவர் நிலை என்ன? லைசென்சுக்கு நண்பனின் வண்டியில் இடது கால் கியர் பழகியிருப்பார். திடீரென்று குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் மூளை யோசிக்காது, கால்தான் யோசிக்கும். வலது கால் பிரேக் என்று நினைத்து அழுத்தும். அங்கே இருப்பது கியர்! வண்டி நிற்காது. அந்த ஒரு நொடியில் போவது வண்டியின் மானம் மட்டுமா?

ஸ்டார்ட் செய்வதும் ஒரு கலை. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக இறக்கி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு, பிறகு ஓங்கி உதைக்கவேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

எஸ்டியில் இன்னொரு வேடிக்கை. கியர் லீவர்தான் கிக்கர். உள்ளே அழுத்தி மேலே திருப்பி உதைக்க வேண்டும். சிக்னலில் வண்டி அணைந்துபோய், பின்னால் நாலு பஸ் ஹாரன் அடிக்கும்போது இந்த வித்தையைச் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

குருவி போல் பறக்கும்... நிற்குமா?

"அப்படின்னா ஆர்.எக்ஸ். 100 வாங்கிக்கிறேன். அது லேசான வண்டிதானே?" என்பான் பையன்.

லேசான வண்டிதான். சுமார் 100 கிலோ. 98 சி.சி.தான். ஆனால் 11 குதிரைத் திறன். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலும் முன்னே பாயும். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் அவ்வளவு மவுசு! நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு லட்ச ரூபாய்க்கு மேலேயே விலை சொல்கிறார்கள்.

பாய்கிற வண்டி நிற்கவும் வேண்டும் அல்லவா? அதில் இருப்பது டிரம் பிரேக். மழையில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பு குறையும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே என்றால் முன், பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். பதறிப்போய் பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏ.பி.எஸ். பதறுகிறவர் யார்? புதிதாக ஓட்டுகிறவர்தான். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவரே அது இல்லாத வண்டியைத் தேடிப் போகிறார்!

இது டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதையும் மறக்கக்கூடாது. ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. அது காலியானாலோ பம்ப் பழுதானாலோ பிஸ்டன் இறுகிப்போகும். வேகத்தில் போகும்போது பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியே கிளட்சைப் பிடிக்கத் தெரியவேண்டும். அனுபவசாலிக்குக் கை தானாகப் போகும். புதியவருக்கு?

ராஜ்தூத் 350-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 30 குதிரைக்கும் டிரம் பிரேக்தான் கடிவாளம்!

"நல்ல வண்டிதான் தம்பி. ஆனா அது ஓட்டத் தெரிஞ்சவனுக்கு நல்ல வண்டி" என்று மெக்கானிக்குகள் சொல்வதில் முழு உண்மை இருக்கிறது.

சேஸிஸ் நம்பரைப் பார்!

பெயிண்டைப் பார்த்து மயங்குகிற பையன்கள், பார்க்கவேண்டியதைப் பார்ப்பதில்லை. வண்டிக்கு உயிர் என்ஜினில் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது.

ஹேண்டில் பார் கழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும், என்ஜின் மேல் இருக்கும் நம்பரும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். அரத்தால் தேய்த்த அடையாளமோ, கோணல்மாணலாக அடித்த எண்ணோ தெரிந்தால் ஒரு நிமிஷமும் நிற்கக்கூடாது. திருட்டு வண்டியாக இருக்கலாம். என்ஜின் மாற்றியிருந்தால் அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும். "புக் இல்ல, ஆனா வண்டி சூப்பரா இருக்கும்" என்று எவராவது சொன்னால், அது வண்டியே இல்லை, பழைய இரும்பு!

ஆர்.சி. செல்லுபடியாவது 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டவேண்டும். 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022-ல் 1,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025-ல் 2,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்காத புத்தகத்தோடு வண்டியை வாங்குகிறவர், விற்றவரின் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

இன்சூரன்சும் அப்படித்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் ரோட்டில் ஒருவரை இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விடியும். அப்பாவின் பி.எப். பணம், அம்மாவின் நகை எல்லாம் அதற்கே போய்விடும்.

விற்பவரே, நீங்களும் உஷார்!

கொல்லையில் கிடக்கும் பழைய வண்டிக்கு நல்ல விலை வருகிறதே என்று, பெயர் மாற்றாமல் கைமாற்றி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். "வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பக்கூடாது. விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு விபத்து வழக்கில் இதையே சொன்னது. வண்டி பலர் கை மாறியும், பதிவில் இருந்தவரே பொறுப்பு என்று தீர்ப்பு. என்றோ விற்ற வண்டிக்கு எவனோ செய்த விபத்தில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா?

செலவுக் கணக்கு

விலையோடு செலவு முடிந்துவிடாது. மூடிப்போன கம்பெனி வண்டிக்கு ஸ்பேர் தேடி ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைப்பது அசலா, போலியா என்பது பொருத்தி ஓட்டிய பிறகுதான் தெரியும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டியின் ரப்பர் டியூபும் கார்புரேட்டர் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் துருப்பிடிக்கும்.

பார்க்கப் போகிறவர்கள் பகலில் போகவேண்டும். போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், ஏற்கனவே உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயரில் நாலு எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போல் இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப்போவது உத்தமம். அவருக்குக் கொடுக்கிற காசு வீண் செலவல்ல.

அப்ப எதைத்தான் வாங்குறது?

பழசே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100! போர் ஸ்ட்ரோக். லேசான வண்டி. கியர் இடது காலில். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. அதே வகை என்ஜின்தான் 1994-ல் வந்த ஸ்பிளெண்டருக்கும். அதனால் தெரு முனை மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. டிரம் பிரேக்தான் என்றாலும், நிறுத்த முடியாத வேகத்தில் பாய்கிற வண்டி அல்ல.

"அது பால்காரர் வண்டி சார், யாரு திரும்பிப் பாப்பாங்க?" என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்தான். தினமும் ஆபீசுக்கு நேரத்தோடு போய், சாயங்காலம் முழுசாக வீடு திரும்பலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சாதாரண வண்டியில் ஒன்றிரண்டு மழைக்காலம் ஓட்டட்டும். கை பழகட்டும். கையில் நாலு காசும் சேரட்டும். பிறகு தாராளமாகப் புல்லட் வாங்கட்டும், எஸ்டி வாங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் ஜம்மென்று போகட்டும். நாற்பது வருஷம் காத்திருந்த வண்டி, இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்காதா என்ன?

எந்த வண்டியானாலும், ஹெல்மெட் மட்டும் புதுசாகவே இருக்கட்டும்!