மலிவு யாருக்கு?

திருகோணமலை வீட்டு வாடகையைச் சொன்னால் கொழும்பு நண்பர்கள் வாயைப் பிளக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஓர் அறைக்குக் கொடுக்கிற காசுக்கு அங்கே முழு அனெக்ஸே எடுக்கலாமாம். கடற்காற்றும் கோணேசர் கோயிலும் சும்மா கிடைக்கிறதாம். பொய்யில்லை. ஆனால் அவர்கள் கொழும்புச் சம்பளத்தை வைத்து அளக்கிறார்கள். எங்கள் வெருகலிலிருந்து போகிறவர்கள் எதை வைத்து அளப்பது?

எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கேட்பவர் பெரும்பாலும் வெளியூர் ஆசிரியராகத்தான் இருப்பார். மற்றவர்களுக்குச் சின்னதோ பெரிதோ சொந்த வளவு இருக்கும். அப்படி ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் முதல் கவலை, திருகோணமலையில் எங்கே தங்குவது என்பதுதான்.

1988இல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமானபோது திருகோணமலை அதன் தலைநகரானது. 2007இல் கிழக்கு தனியாகப் பிரிந்த பிறகும் அதுவே தலைநகர். 2017இல் மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. சபை இல்லாவிட்டாலும் கந்தோர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உவர்மலையில் ஆளுநர் செயலகம், நகரைச் சுற்றி மாகாணத் திணைக்களங்கள், பெரிய ஆஸ்பத்திரி, கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம். நியமனம், இடமாற்றம், படிப்பு, வைத்தியம் எதுவென்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

முன்பு துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்து நிற்போம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. இறால்குழி, கங்கை, வெருகல் என்று மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. இப்போது பஸ் நேரே போகிறது. இருந்தாலும் அறுபது கிலோமீற்றருக்கு மேல். தினமும் போய்வர உடம்பும் தாங்காது, பஸ் நேரமும் கந்தோர் நேரமும் ஒத்துவராது.

அக்காவின் மகளுக்கு இடம் பார்க்க அண்மையில் உப்புவெளிப் பக்கம் போனேன். ஓர் அறை, சீற் போட்ட குசினி, வெளியே குளியலறை. குடிக்கப் பைப் தண்ணி, குளிக்கக் கிணறு. கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. கரண்டுக்குத் தனி மீற்றர் இல்லை. பில் வந்ததும் பாதிப் பாதி. வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி. “வெருகலா மகள்? முருகன் கோயிலுக்கு வருசா வருசம் வாறனாங்கள்” என்று தேத்தண்ணி தந்தார். பிறகுதான் கணக்குக்கு வந்தார்: ஒரு வருச வாடகை அட்வான்ஸ். அதோடு, சித்திரை முடிந்தால் வெள்ளைக்காரர் வரத் தொடங்குவார்கள், அப்போது அறையை விட்டுத்தர வேண்டிவரலாம்.

அவரில் பிழை சொல்ல மாட்டேன். கடல் அடங்கியிருக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரைதான் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் சீசன். அந்த நாட்களில் ஒரு கிழமைக்கு வருவது எங்கள் மாத வாடகையைத் தாண்டும் என்றார். ஆனால் அட்வான்ஸ் ஒரு வருசத்துக்கு, இருப்பதற்கு உத்தரவாதம் சித்திரை வரைக்கும் என்றால், அது என்ன கணக்கு?

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. குடியிருப்பவரைக் காக்க வந்த 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு வெளியே பல வீடுகளை 1980ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுபோய்விட்டது. 2023இல் வந்த புதிய சட்டம், குத்தகைக்குக் கொடுத்த வீட்டை உரிமையாளர் விரைவாக மீட்பதற்கானது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

பொத்துவிலையும் தாண்டி நீளும் ஒரு மாகாணத்தின் கந்தோர்களை ஒரே நகரில் குவித்தவர்கள், அங்கே வருகிற பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, போதிய விடுதி கட்டித்தர வேண்டும். ஒரு கையெழுத்துக்காக ஆட்களைத் திருகோணமலைக்கு இழுக்காமல் பிரதேச செயலகத்திலேயே முடித்துக் கொடுக்க வேண்டும்.

அதுவரை, இடம் தேடும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. சீசனில் எழும்பச் சொல்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது என்று பேசி முடியுங்கள். எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும், எழுதிய ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.