சிவப்பிலைச் செடிக்குச் சற்றே அவகாசம் கொடுங்கள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் பலருக்கும் அதில் சிவந்த இலைச் செடியொன்று வேண்டும் என்ற ஆசை உண்டு. பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் வாங்கிய செடி பத்தாம் நாள் அழுகிவிட்டதென்று பிடுங்கி எறிவதும், மறுவாரம் வேறொன்று வாங்குவதும் சில வீடுகளில் வழக்கமாகிவிட்டன. இது வீண்விரயம் என்பதே நமது கருத்து.

கடைகளில் கண்ணைப் பறிக்கும் செந்நிறச் செடிகள் பலவும் மிகுந்த வெளிச்சமும் கரியமில வாயுவும் கேட்பவை. எளிய விளக்கு மட்டுமே உள்ள தொட்டிக்கு நாம் பரிந்துரைப்பது, ‘கிரிப்டோகொரைன் வெண்டியி’ செடியின் செம்பழுப்பு வகையையே. இலங்கையின் ஓடைகளே இதன் தாயகம். இது மெதுவாகவே வளரும். இரத்தச் சிவப்பை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இதன் இயல்பு ஒன்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். நட்ட சில நாள்களிலேயே இலைகள் கூழாகிக் கரையத் தொடங்கலாம். பண்ணைகளில் இச்செடியைப் பெரும்பாலும் நீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அங்கு விட்ட இலைகள் நீருக்கடியில் நிலைப்பதில்லை. அவை அழிந்தபின், நீருக்கு ஏற்ற புதிய இலைகளைச் செடி விடுகிறது. வேரும் அடித்தண்டும் உறுதியாக இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு.

அழுகும் இலைகள் மீன்களுக்குக் கேடாகாவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அழுகல் நீரில் அம்மோனியாவைக் கூட்டும்; அது மீனுக்கு நஞ்சு. ஆகவே கெட்ட இலைகளை மட்டும் அடியோடு கத்தரித்து நீக்கி, வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். வேரை அசைக்க வேண்டாம். இடம் மாற்றினால் இலைகள் மீண்டும் கரையக்கூடும். வேருக்கருகே மணலில் உர மாத்திரை ஒன்றைப் புதைத்தால் போதும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்; தாண்டினால், மெதுவாக வளரும் இலைகளின்மேல் பாசி படியும்.

மதரசாவில் பிள்ளைகளோடு பழகும் நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. உடனே பலன் தராத எதையும் அவர்கள் விரைவில் கைவிடுகிறார்கள். ஒரு பாடம் இரண்டு நாளில் மனத்தில் பதியவில்லையெனில் தமக்கு அது வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இப்பழக்கத்தைப் பெரியவர்களாகிய நம்மிடமிருந்தே அவர்கள் கற்கிறார்கள். வாடிய செடியை அவர்கள் கண்ணெதிரே குப்பையில் எறிந்துவிட்டு, பொறுமையைப் பற்றி அறிவுரை கூறினால் அது எங்ஙனம் பதியும்? தொட்டியிலுள்ள மீனும் செடியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

எனவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே: இலையற்று நிற்கும் செடியைப் பிடுங்குமுன் ஒரு மாதமேனும் பொறுத்திருங்கள். அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். முதல் குருத்தை அவர்களே கண்டு வந்து உங்களிடம் சொல்லட்டும்.