பத்தும் சென்னைப் பாட்டா?

ஆண்டு முடிந்தால் பிடித்த இசைத்தொகுப்புகளைப் பட்டியலிடும் வழக்கம் எங்கள் ஆசிரியர் அறையிலும் உண்டு. பத்துப் பெயர்கள் வந்தால் பத்தும் சென்னைத் திரைப்படங்கள்! நம் நாட்டுத் தொகுப்பு ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டால் முறைக்கின்றனர்.

2006-இல், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, என் பட்டியலில் முதலிடம் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்புக்கே. "இது பாட்டா, கத்தலா?" என்றார் விரிவுரையாளர் ஒருவர். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலை நம் மலேசிய இளைஞர் மூவர் சொல்லிசையாக்கித் தமிழகத்தையும் கேட்க வைத்தனரே, அது கத்தலா? எதுகை மோனையைப் பிள்ளைகளின் காதில் ஏற்றச் சொல்லிசையைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லா வரியும் வகுப்பறைக்கு ஏற்றதன்று, ஒப்புக்கொள்கிறேன். குத்துப்பாட்டு மட்டும் ஏற்றதோ? சென்ற பள்ளி விழாவில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் காதல் தோல்விப் பாட்டுக்கு ஆடினர், பெற்றோர் கைதட்டினர். அப்பாடலுக்கு ஒப்புதல் தந்த குழுவில் நானும் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இவ்வாண்டு விழாவில் உள்ளூர்ப் பாடல் இரண்டையாவது சேர்க்கக் கோரியுள்ளேன். பெற்றோர்களே, எதிர்ப்பதானால் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுக் கூட்டத்திற்கு வாருங்கள்.