பின்னே நோக்கும் கண்

மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கையைத் தடுத்தமைத்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அத்தகைய பெருநீர்ப்பரப்பைக் காணும் இளைஞர் உள்ளத்தில், விசைப்படகின் பின்னே கயிறு பற்றிச் சறுக்கிச் செல்லும் ஆசை எழுவது இயல்பே. 1922ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெப்பின் ஏரியில், றால்ஃப் சாமுவெல்சன் என்னும் இளைஞர் இரு பலகைகளைக் காலிற் பிணைத்துத் தொடங்கிய விளையாட்டு அது. இன்று, மிதவைகளின்மேல் தட்டுப் பரப்பிய அகன்ற படகுகளும் சறுக்குவோரையும், காற்றடைத்த வளையத்தில் அமர்வோரையும் இழுத்துச் செல்கின்றன.

படகோட்டியின் கண் முன்னே நோக்குவது. ஆபத்தோ பின்னே நிகழ்வது. ஆகவே, பின்னே நோக்குவதையே கடமையாகக் கொண்ட மற்றொருவர் படகில் இருத்தல் வேண்டும். வீழ்ந்தவரை அவர் கண்டு சொன்னாலன்றி ஓட்டுபவர் அறியார். வளையத்தில் இருப்பவருக்கோ திசை திருப்பும் வல்லமை இல்லை. படகு சட்டெனத் திரும்பினால் கவண்கல்போல் வெளியே வீசப்படுவார்.

கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்ளலாகாது. வீழ்ந்தவரைப் படகில் ஏற்றுமுன் இயந்திரத்தை முற்றாக நிறுத்துக. நீருள் சுழலும் விசிறி ஆளறியாது. காட்டுநிலத்தை மூழ்கடித்த நீர்த்தேக்கங்களில், நீர் வற்றுங்கால் அடிமரங்கள் மேற்பரப்பின் கீழே மறைந்து நிற்கும். அனுமதியுள்ள, ஆழமறிந்த இடமே தகுந்தது. நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிக. மயங்கி வீழ்ந்தவருக்கு நீச்சல் உதவாது, அங்கி உதவும்.

பெற்றோரே, பிள்ளைகளை அனுப்புமுன், "பின்னே பார்ப்பவர் யார்?" என்று கேளுங்கள். விடை வராவிடில், அன்றைக்குக் கரையே இனிது.