முதலில் வரத்துக்கால்: கண்மாய் மீட்பில் எங்கள் நிலைப்பாடு

எட்டயபுரத்திலும் சுற்று ஊர்களிலும் கண்மாய் வேலைக்கு மண்வெட்டியோடு வருகிறவர்கள் நாங்கள். கண்மாயை ஆழமாகத் தோண்டலாம், நடுவில் திட்டு போட்டு மரம் நடலாம், கரையில் நடைபாதை அமைக்கலாம் என்று நல்ல மனதோடு பலர் உதவ முன்வருகிறார்கள். அவர்களுக்கும், பேரூராட்சிக்கும், ஊராட்சிகளுக்கும் எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். வரத்துக்காலைத் திறக்காமல் எந்தக் கண்மாயிலும் நாங்கள் தூர்வார இறங்க மாட்டோம்.

காரணம் கரிசல் மண்ணிலேயே இருக்கிறது. கோடையில் இந்த மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை வெடிப்பு குடித்துவிடும். அடுத்த மழைகளில் களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும்; அதன்பின் பெய்வதெல்லாம் மேலோடு ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்மாய்க்குக் கூட்டிவரத்தான் முன்னோர் கால் வெட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழைதான் நமக்கு. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் வழி அடைபட்டிருந்தால், எத்தனை அடி தோண்டிய கண்மாயும் வெறும் பள்ளமாகவே கிடக்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் வரும் வழியில் காய்ந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று நம் ஊரில் சொல்வார்கள். வெள்ளம் பெருகவே, மழை நிற்கவும் அவரே பாடினாராம். கதையின் பின்பாதியை நாம் மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் அதைக் கண்ணால் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. ஆகவே வரத்துக்காலோடு, மிகுந்த தண்ணீர் வெளியேறும் மறுகாலையும் சேர்த்தே சுத்தம் செய்வோம்.

சீமைக் கருவேல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கண்மாய்க்குள்ளும் கால்களிலும் அது நிற்கக் கூடாது. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுக் கொள்கையும் அதை அகற்றவே சொல்கிறது. ஆனால் வெட்டினால் போதாது. தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்த்துவிடும். வேரோடு பெயர்த்தாக வேண்டும். பிறகும் வேலை முடியாது. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று போடும் சாணத்திலும் புழுக்கையிலும் விதை வந்து விழும், முதல் மழைக்கே முளைக்கும். அகற்றிய ஆண்டைவிட அடுத்த இரண்டு ஆண்டுகள் கன்று பிடுங்குவதுதான் பெரிய வேலை. அதற்கு வருவோம் என்று சொல்கிறவர்களையே நாங்கள் முதலில் சேர்த்துக்கொள்வோம்.

விளாத்திகுளம் பக்கமும் ராமநாதபுரம் சீமையிலும் கரிமூட்டம் போட்டு வாழும் குடும்பங்கள் ஏராளம். கண்மாயில் பெயர்க்கும் மரம் அவர்களுக்கே முதலில் போக வேண்டும். சொந்தத் தரிசில் நிற்கும் மரத்தை விறகாக்கிப் பிழைப்பவரை எதிரியாகப் பார்க்கும் பிரசாரத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வண்டலை விவசாயிகள் எடுத்துப் புஞ்சையில் போடட்டும். கட்டணமில்லாமல் எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அங்கே தேங்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. கரையின் காலடியில் தோண்டினால் கரையே சரியும்.

கண்மாய்க்குள் மரம் நடுவதையும் ஏற்க மாட்டோம். 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்களுக்குள் கருவேல் வளர்த்தார்கள். விறகுப் பஞ்சத்துக்கு அது அன்று உதவியிருக்கலாம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நின்றது என்பதே எங்கள் கணிப்பு. கரையில் பனை போதும்.

இதே பிழை கடலோரத்திலும் நடந்துவிடக் கூடாது. வைப்பாறு விளாத்திகுளத்தைத் தாண்டி, சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துப் பக்கம் உமரிச்செடி படர்ந்த உவர்நிலம் பார்க்க வெறும் பொட்டலாகத் தெரியும். மீனும் இறாலும் குஞ்சாக வளர்வதும், கரைப்பறவைகள் இரை தேடுவதும் அத்தகைய சதுப்பில்தான். பசுமையாக்குகிறோம் என்று அங்கே கன்று நட யார் அழைத்தாலும் நாங்கள் போக மாட்டோம். மேலேயிருந்து நல்ல தண்ணீர் ஓரளவாவது கடலுக்குப் போக வேண்டும். சதுப்புக்குத் தேவை அதுதான்.

சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உவர்ச்சதுப்பைக் கடும் பாதுகாப்புக்குரிய இடமாக வைத்திருக்கிறது. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. கரிசலில் அப்படிக் கட்டாத நீர்நிலை எத்தனை இருக்கிறது? கண்மாய்களைச் சேர்க்கும்படி அந்த விதி திருத்தப்பட வேண்டும்.

கண்மாய் வேலை ஊராரின் கடமை என்பது குடிமராமத்து மரபு. 1858இல் வெள்ளையர் அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிப் பார்த்தது. நாங்கள் மனமுவந்து வருகிறோம். ஆனால் எங்கள் மண்வெட்டியைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கைகழுவக் கூடாது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இரண்டு கண்மாய்க்கும் நடுவே ஓடும் காலைத் தேடி யாரும் வருவதில்லை.

பல கால்கள் இன்று மக்காச்சோளக் காட்டுக்குள் மறைந்து கிடக்கின்றன. உழுதவர்கள் நம் மாமன் மச்சான்கள்தான். பலருக்கு அது கால் என்றே தெரியாது, அப்பா உழுததைத் தொடர்ந்து உழுகிறார்கள். அவர்கள் மீது புகார் மனு கொடுப்பது எங்கள் முதல் வேலையாக இருக்காது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்துப்போய், களத்துமேட்டில் உட்கார்ந்து பேசுவோம்.

வருவாய்த் துறையிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். புரட்டாசிக்குள் சர்வேயர் வந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வரத்துக்கால்களை அளந்து கல் ஊன்றித் தர வேண்டும். கல் ஊன்றிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, மேற்கோடியில் முதல் கல் அருகே நாங்கள் நிற்போம்.